ஏகப்பன் எழுந்திருக்காத நான்கு நிமிடம்

என் தங்கை தேனம்மைக்கு 1966-இல் மாப்பிள்ளை பார்த்தபோது, மாப்பிள்ளையின் போட்டோவை யாரும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே எங்கள் அடுப்படிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார். பல்பொடிக் கம்பெனிக் காலண்டரில், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பல் அத்தனையும் தெரிகிற சிரிப்பு. காலடியில் தேதி, ராகுகாலம், எமகண்டம். தேனம்மை அந்த வருடம் முழுக்க அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே தோசை சுட்டவள். எங்கள் அப்பா, அப்பச்சி என்போம், ஜாதகப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள் என்பது என் சந்தேகம்.

மாப்பிள்ளை பெயர் ஏகப்பன். சொந்த ஊர் கீழச்சிவல்பட்டி. பினாங்கில் ஒரு கடைக்கு வேலைக்குப் போக வேண்டியவர். 1963-இல் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் காரைக்குடியில் சேக் பரீதின் ஸ்டூடியோவுக்குப் போனார். பரீது விளக்கைப் போட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பினாங்குல போயி கடையில உக்காரப் போறீகளாக்கும்?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியோடு பினாங்கு போயிற்று. பல்பொடி வந்தது, பிறகு வேட்டி விளம்பரம், பிறகு தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். மாடல் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் புழக்கத்தில் இல்லை. காலண்டர் ஏகப்பன் என்றார்கள். சலூன்காரர்கள் அவர் படத்தைக் காட்டி, "இப்புடி வெட்டவா?" என்று கேட்டார்கள்.

நான் முத்துக்கருப்பன். பள்ளத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார், கணக்கு. அழகான ஆண்கள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதை எடைபோட்டுக்கொள்ள உதவும்.

கல்யாணம் முடிந்த மறுவருடம் அவர் சென்னைக்குப் போனார். நான்கு வருடம் ஸ்டூடியோ வாசல்களில் நின்றார். கிடைத்தது மாப்பிள்ளைத் தோழன், கூட்டத்தில் ஒருவன், இரண்டு முறை போலீஸ்காரன். "சத்தம் போட்டுப் பேசச் சொல்றாக மச்சான். மனுசன் அப்புடியா பேசுறான்?" என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். 1971-இல் சென்னையே வேண்டாமென்று அவர் திரும்பி வந்தபோது, பரீது வேறொரு கிறுக்கோடு காத்திருந்தார். ஸ்டூடியோ இல்லாமல், பாட்டு இல்லாமல், சண்டை இல்லாமல், நம் ஊரிலேயே நம் பேச்சிலேயே சினிமா எடுக்க வேண்டும். இயக்கமும் அவர்தான், கேமராவும் அவர்தான். படச்சுருள் அப்போது லேசில் கிடைக்காது. பெரிய கம்பெனிகள் எடுத்து மிச்சம் வைத்த சுருள்களை யார் யாரிடமோ கெஞ்சி வாங்கி வருவார். அதனால் அவருடைய படப்பிடிப்பில் ஒரே ஒரு சட்டம். எதையும் இரண்டாம் முறை எடுக்க முடியாது. அவர் வாயால் "போதும்" என்று சொல்கிறவரை, கூரை இடிந்து விழுந்தாலும் நடிக்கிறவர் நிறுத்தக் கூடாது.

அந்தச் சட்டத்துக்கென்றே பிறந்தவர் ஏகப்பன். முதல் படத்தில் ஊருணியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது, தொடையில் அட்டை கடித்துக்கொண்டிருக்க, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் நின்றாராம். அந்தப் படம் பாதியில் நின்றுபோனது. அட்டை கடித்த தழும்பை மட்டும் எனக்கு மூன்று தடவை காட்டினார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, தேனம்மை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் செட்டியார் வீடுகளில் கல்யாணமான பிள்ளையை ஒரே வீட்டுக்குள்ளேயே வேறு வைப்பது வழக்கம். நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் ஓர் அறை, தனி அடுப்பு, தனிச் சாவி. புருஷனும் பெண்டாட்டியும் அதற்குள் ஒரு தனிக் குடித்தனம். கீழச்சிவல்பட்டி வீட்டில் ஏகப்பனுக்கும் பங்கு அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்பதுதான் தேனம்மைக்கு இருந்த ஒரே ஆசை. "இந்தப் படம் முடியட்டும்" என்பார் அவர். ஏழு வருடம் அதையே சொன்னார். 1973 பங்குனியில் வந்தபோதும் அதைச் சொல்லிவிட்டு, கொத்தமங்கலத்தில் படப்பிடிப்பு என்று பையைத் தூக்கினார். தேனம்மை வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"மூஞ்சியில பூசுன பவுடரோடயே செத்துத் தொலைங்க, போங்க" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் உள்ளே போய் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். கோபத்தில் வருகிற வார்த்தைதானே, விடு என்றேன்.

கொத்தமங்கலத்தில் பரீது பிடித்திருந்தது ஒரு பெரிய வீடு. பங்காளிகள் எல்லாரும் வெளியூரில் இருந்ததால் பூட்டியே கிடந்தது. பழைய வீடுகளைப் படம் பிடிக்கிறோம் என்று சொல்லிச் சாவி வாங்கியிருந்தார். ஆட்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர். பெரிய விளக்குகள் எதுவும் கிடையாது, வளவில் விழுகிற வெயில்தான் விளக்கு. உள்ளே சினிமா நடக்கிறது என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கதையில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவன் தன் வீட்டிலேயே செத்துப்போகிறான். ஆறாம் நாள் அந்தச் சாவை எடுக்க வேண்டும். கைவசம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சுருள். நானூறு அடி. ஓடினால் நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. செத்தவனின் மனைவியாக நடிக்க வந்திருந்த மதுரை நாடக நடிகை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார். மனைவி இல்லாமலே எடுத்துவிடலாம் என்று பரீது முடிவு செய்தார். காலை பதினோரு மணிக்கு வெயில் சரியாக ஏகப்பன் முகத்தில் விழும். ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்பதால் ஒன்பதரை மணிக்கே ஒத்திகை தொடங்கிவிட்டது.

ஒப்பாரிக்கு ஐந்து பெண்கள். சங்குக்கும் சேகண்டிக்கும், நிஜமான சாவு வீடுகளுக்குப் போகிற அதே ஆட்கள். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், சும்மா வாயில் வைத்தால் போதும் என்று பரீது சொல்லியிருக்கிறார். "வாயில வச்சுட்டு ஊதாம நின்னா சங்குக்குக் கேவலமில்லையா?" என்று கேட்டுவிட்டு, சங்கூதுகிறவர் வழக்கம்போலத் தெருவாசலில் நின்று முழு மூச்சோடு ஊதினார். எங்கள் பக்கம் சங்கு மட்டும் கேட்டால் நல்ல காரியமாகவும் இருக்கலாம். சேகண்டியும் சேர்ந்துவிட்டால் சாவுதான். பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு பேரிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

ஒருவரை மட்டும் அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் அவர் எதையும் கேட்க நிற்கவில்லை. அவர் பெயர் பெத்தன். சுற்று வட்டாரத்தில் கேதம் சொல்லப் போகிறவர், அதாவது சாவுச் செய்தியை உறவுக்காரர்களுக்குக் கொண்டுபோகிறவர். எந்த வீட்டுக்காரர் எந்த ஊரில் பெண் எடுத்திருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு வாரம் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலையில்தான் ஊர் திரும்பியிருந்தார். சைக்கிளில் அந்தத் தெருவழியாக வந்தவர் காதில் சங்கு, சேகண்டி, உள்ளே ஒப்பாரி. எங்கள் வீடுகளில் தெருவாசலிலிருந்து பார்த்தால் கடைசிக் கட்டுவரை கதவுகள் ஒரே நேராக இருக்கும். பார்த்தார். வளவில் தெற்கே தலைவைத்து, தாடையைச் சுற்றி நாடிக்கட்டோடு கிடத்தியிருந்தது காலண்டர் ஏகப்பனை. அந்த முகத்தைத் தெரியாதவர் யார்? கேதம் சொல்லப் போகிறவர் சாவு வீட்டில் விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது, செய்தியைச் சேர்க்கும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அவர்கள் முறை. பெத்தன் முறை தவறாத மனுஷர். சைக்கிளைப் பள்ளத்தூர்ப் பக்கம் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. நான் முகப்பில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பெத்தன் படியேறாமல் தெருவிலேயே நின்றார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கேதஞ் சொல்ல வந்துருக்கேன். ஒங்க மாப்பிள்ளை, கீழச்சிவல்பட்டி ஏகப்பச் செட்டியாரு, கொத்தமங்கலத்துல தவறிட்டாக."

எனக்குப் பின்னால் ஏதோ விழுந்து உருண்டது. தேனம்மை நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்கி அவளை ஏற்றினேன். வழி நெடுக ஒரே வார்த்தைதான். "நான் சொன்னதுதாண்ணே. நான் சொன்னதுதான்." எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. காருக்கு முன்னால் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே போயிற்று. அது முடியவே முடியாது போலிருந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. தெருவாசலில் நின்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே ஓடிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். வளவில் நல்ல வெயில். நடுவில் அவர். சுற்றி ஐந்து பெண்கள். தேனம்மை போய் அவர் காலடியில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இரண்டு பாதங்களையும் கட்டிக்கொண்டு அதில் முகத்தை வைத்து மோதினாள்.

"எந்திரிங்க. கோவத்துல சொன்னேன். என் நாக்குத்தான் உங்களக் கொன்னுருச்சு. எனக்கு வேற வைக்க வேணாம், அடுப்பு வேணாம், ஒண்ணும் வேணாம். எந்திரிங்க. நீங்க நடிச்சுக்கிட்டே இருங்க, நான் கேக்கவே மாட்டேன். ஒரு தடவ எந்திரிங்க."

நெற்றிக் குங்குமம் அவர் காலெல்லாம் அப்பிக் கிடந்தது. ஒப்பாரிப் பெண்கள் பாட்டை விட்டுவிட்டு நிஜமாகவே அழ ஆரம்பித்தார்கள். ஓரத்திலிருந்த ஒருத்தி மட்டும் மனசு கேட்காமல், "ஆத்தா, இது..." என்று பாதி எழுந்தாள். எழுந்தவள் மேலே பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். மாடித் தாழ்வாரத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, கேமராவில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தார் சேக் பரீது. அவரது இடது கை, உட்கார் உட்கார் என்று காட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கையின் ஒரு விரல் அவர் உதட்டுக்குப் போயிற்று.

இனிமேல் சொல்வதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. "தேனு, இது நடிப்பு" என்று மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அதிர்ச்சியில் நாக்கு எழவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த வெயில், அசையாத அந்த முகம், அவள் கதறல், எல்லாம் சேர்ந்து என்னைக் கட்டிப்போட்டன. பார்க்க வேண்டும் போலிருந்தது. தூணில் சாய்ந்து நின்று, கடைசிவரை பார்த்தேன். என் கூடப்பிறந்தவள் தரையில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

ஏகப்பன் அசையவில்லை.

"போதும்" என்று மேலிருந்து குரல் வந்தது. அவர் கண்ணைத் திறந்தார். நாடிக்கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பெண்களில் ஒருத்தி வீறிட்டாள். தேனம்மை அவர் கால்களை விடவில்லை. அவளுக்கு மயக்கம் வரப்போகிறது, இல்லை அவரை அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நான் வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். தூங்கிவிட்டேன் என்றிருந்தால்கூட அவள் நம்பியிருப்பாள். "தெரியும்" என்றார்.

"நான் பேசுனது?"

"கேட்டுச்சு. தேனு, அது கடைசிச் சுருளு..."

அவள் கையை எடுத்துவிட்டு எழுந்தாள். அழிந்துபோன குங்குமத்தோடு நேரே காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாதக் கடைசியில் அவர் பள்ளத்தூர் வருவார். முகப்பில் அரைநாள் உட்கார்ந்திருப்பார். உள்ளேயிருந்து காப்பி வரும், அவள் வரமாட்டாள். நான் அவரைச் சும்மா விடவில்லை. "மனுசரா நீங்க? ஒரு பொம்பள கதறுறா, கட்டையாட்டம் கிடந்தீகளே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். அவர் கண்ணை மூடிக் கிடந்ததால் நான் நின்றது அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பரீது. அவர் வாயைத் திறக்கவில்லை.

படம் 1975-இல் சென்னையில் காட்டப்பட்டது. அந்த நான்கு நிமிடத்தைப் பற்றியே எல்லாரும் எழுதினார்கள். பெயர் போடாத அந்த நடிகை யார் என்று கேட்டார்கள். ஏகப்பன் யாரிடமும் சொல்லவில்லை, அந்த மட்டில் நல்லவர். பிணமாக இவ்வளவு உயிரோடு நடித்தவர் யாருமில்லை என்று ஒருவர் பாராட்டியிருந்தார். கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அவரைத் தேடி ஆள் வந்தது. பத்து வருடம் அவர் எதிர்பார்த்து நின்றது, அன்றைக்குத்தான் வந்தது. இன்னொரு பத்திரிகையில், தூணோரம் நிற்கும் உறவினர் அண்ணாந்து பார்ப்பது கடவுளைக் கேள்வி கேட்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். இந்தப் படம் காரைக்குடிக்கு மட்டும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வந்துவிட்டது. 1976 தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும். முந்தின வெள்ளிக்கிழமை ஏகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகப்பில் உட்காரவில்லை. உள்வாசல் வரை வந்து நின்று, கதவுக்குப் பின்னால் இருந்தவளிடம் பேசினார்.

"தேனு, ஒரே ஒரு தடவ பாரு. பாத்துட்டு நீ என்ன சொல்றியோ அதுக்குக் கட்டுப்படுறேன். நடிக்காதீகன்னு சொல்லு, அன்னைக்கோட விட்டுர்றேன். கீழச்சிவல்பட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுத்தான் கொட்டகைக்கு வருவேன். அங்கேருந்தே ரெண்டு பேரும் போயிருவோம்."

அந்தக் குரலில் ஒரு தைரியம் இருந்தது. படத்துக்குள் ஏதோ ஒன்றை அவர் நம்பியிருக்கிறார் என்று தெரிந்தது. அந்தக் கொட்டகையில் மூட்டைப்பூச்சி என்றேன். போனதை எதற்குக் கிளற வேண்டும் என்றேன். உனக்குத் தாங்காது என்றேன்.

"ஊரே பாக்கப் போகுதுண்ணே. என் அழுகைய நான் பாக்கக் கூடாதா?" என்றாள் தேனம்மை.

கொட்டகையில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ஏகப்பன் வெளியிலேயே நின்றுகொண்டார். படம் நல்ல படம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏகப்பன் பூட்டிய வீட்டைத் திறந்து ஒவ்வொரு அறையாகப் போய் நிற்கிற இடத்தில், நான் மூன்று வருடக் கோபத்தையும் மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வளவு வந்தது. அழுகைக் குரல் எதையும் பரீது சேர்க்கவில்லை. சேகண்டி மட்டும் விட்டு விட்டு அடித்தது. தேனம்மை திரையில் ஓடிவந்து விழுந்தாள். பின்னாலிருந்து பெண்கள் மூக்கு உறிஞ்சுவது கேட்டது. எல்லாரும் திரையில் அழுகிறவளைத்தான் பார்த்தார்கள். என் பக்கத்திலிருந்தவள் மட்டும் அவளைப் பார்க்கவில்லை.

முன்னால் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். வெயில் விழுந்த அந்த முகத்தில், மூடிய இடது கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு கிளம்பிக் காதுப் பக்கம் இறங்கியது. இதைத்தான் அவர் நம்பியிருக்கிறார். இதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார். சரி, மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் கேமரா மெல்ல நகர்ந்தது, திரையின் ஓரத்தில் ஒரு தூண் வந்தது. பக்கத்தில் நான். அண்ணாந்து பார்த்தேன். குனிந்து அவளைப் பார்த்தேன். பிறகு தூணில் சாய்ந்துகொண்டேன். அவ்வளவு பெரிய திரையில் என் முகம் ஒரு கதவு அளவு இருந்தது. நான் தேனம்மை பக்கம் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை.

வெளியே வந்தோம். ஏகப்பன் டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் சாவி.

"பாத்தியா தேனு?"

"பாத்தேன்."

"என் கண்ணப் பாத்தியா?"

"பாத்தேன். கண்ணீரு வந்துருக்கு" என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எந்திரிக்கத்தான் வரல" என்றாள்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வா ஆத்தா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நீங்க மேல பாத்தீகண்ணே. பாத்துட்டு என்னயப் பாத்தீக. அதுக்கப்பறமும் நின்னீக."

நான் தரையைப் பார்த்தேன். அவள் ஏகப்பனிடம் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க." அவர் கொடுத்தார்.

"நடிக்கிறத விட வேணாம். நல்லா நடிக்கிறீக. அங்குட்டு மட்டும் வராதீக" என்றாள்.

அவள் அதுவரை தனியாக பஸ் ஏறியதில்லை. கீழச்சிவல்பட்டி பஸ் எங்கே நிற்கும் என்று பூக்கடையில் கேட்டாள். அவர்கள் காட்டிய பக்கம் நடந்தாள். பஸ் வந்ததும் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பஸ் திரும்பும்வரை நாங்கள் இருவரும் தெருவில் நின்றோம்.

"மச்சான்" என்றார் ஏகப்பன். "அந்தக் காட்சி எப்புடி இருந்துச்சு?"

அவரை அங்கேயே அறைந்திருக்க வேண்டும்.

"பிரமாதமா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.